1953 மினசோட்டா கதை: முட்டைக் காபி, நீலத் தொட்டி, 12.30 மணி டின்னர் – விளக்கம் தேவை

கேட்பவர்: தாழம்பூ

வணக்கம். 1953-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், நார்வே வழி வந்த லுத்தரன் குடும்பம் ஒன்றைப் பற்றிய சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நாயகி நாலு பிள்ளைகளுக்குத் தாய். சபைப் பெண்கள் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறாள். ஜனவரி மாதம் ஒரு ஞாயிறு காலையில் தொடங்கி செவ்வாய் சாயங்காலம் கதை முடிந்துவிடுகிறது. பெரிதாக எதுவும் நடப்பதில்லை, வேலைதான் நடக்கிறது. அந்த வேலை புரியாமல் வாக்கியம் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

சிக்கிய இடங்கள் இவை. காலையில் மாட்டிறைச்சியை ஓவனில் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் ஆலயத்துக்குப் போய்விடுகிறாள், கருகாதா? திரும்பி வந்து 12.30-க்கு "டின்னர்" பரிமாறுகிறாள். ஆலயத்தின் நிலவறையில் நூறு பேருக்குக் காபி போடும்போது முட்டையை ஓட்டோடு உடைத்துப் போடுகிறார்கள். அச்சுப்பிழை என்றே நினைத்தேன், இரண்டாவது முறையும் வருகிறது. திங்கட்கிழமை பொழுது முழுக்கத் துணி துவைக்கிறாள். மெஷின் இருந்தும் ஏன்? ஒரு தொட்டித் தண்ணீர் நீலமாக இருக்கிறது. காய்ந்த துணியை மறுபடி நனைத்துச் சுருட்டி ஃபிரிட்ஜுக்குள் வைக்கிறாள். கடைசியில், திருவிருந்துக்கான (ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் சடங்கு) துணியில் லிப்ஸ்டிக் கறையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள்; அதற்கு ஒரு பத்தியே இருக்கிறது.

இப்போதைக்கு "பாட்லக்" என்பதை அசனம் என்றும், "ஹாட்டிஷ்" என்பதைச் சூடான பதார்த்தம் என்றும் வைத்திருக்கிறேன். ஹாட்டிஷுக்கு அடிக்குறிப்பு: "மேலே டேட்டர் டாட்ஸ் (துருவிய உருளைக்கிழங்கு உருண்டைகள்) அடுக்கிச் சுடும் உணவு." சரியா?

---

பதில்: வெந்தயக்கீரை

டின்னரை முதலில் சரிசெய்யுங்கள். அந்த ஊரில் டின்னர் என்றால் அன்றைக்குப் பெரிய சாப்பாடு எதுவோ அது. பண்ணை வீடுகளில் தினமும் மதியம்தான் டின்னர். ஞாயிறு அன்று டவுன்காரர்களுக்கும் மதியம்தான். ராத்திரிக்குச் சாப்பிடுவது "சப்பர்", ஞாயிறு என்றால் மதியத்து மிச்ச இறைச்சியை ரொட்டிக்குள் வைத்து முடித்துவிடுவார்கள். "லஞ்ச்" வந்தால் இன்னும் கவனம். அங்கே லஞ்ச் மதியச் சாப்பாடே கிடையாது. சாவு அடக்கத்துக்குப் பிறகோ, கூட்டம் முடிந்தோ, பிற்பகல் 3 மணிக்கோ கொடுக்கும் சிற்றுண்டி. கதையில் "அடக்கத்துக்குப் பின் லஞ்ச்" இருந்தால் பன்னும் ஹாமும் ஊறுகாயும் கேக்கும் காபியும் என்று அர்த்தம்.

இறைச்சி கருகாது. ஆனால் எந்தப் பகுதி என்று மூலத்தில் பாருங்கள். "சக்" என்று இருந்தால் தோள்பட்டைக் கறி, நார் அதிகம், விலை குறைவு. 4 பவுண்டுத் துண்டை உப்பு, மிளகு, மாவு தேய்த்து, கனத்த இரும்புச் சட்டியில் கொழுப்பு விட்டு எல்லாப் பக்கமும் 15 நிமிடம் சிவக்க வறுப்பார்கள். பிறகு வெங்காயம், ஒரு கப் தண்ணீர், இறுக்கமான மூடி, 325 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவன். 9.15-க்கு உள்ளே வைத்தால் 9.30 ஓய்வுநாள் பள்ளி, 10.45 ஆராதனை எல்லாம் முடிந்து 12.15-க்கு வீட்டுக்கு வரும்போது சரியாக இருக்கும். இந்தக் கறியில் உள்ள நார் மெல்ல மெல்லக் கரைந்து பசையாகிறது, அதற்கு மூன்று மணி நேரம் தேவை. போதகர் பிரசங்கத்தை அரை மணி இழுத்தாலும் ஒன்றும் ஆகாது. அதுவே "ரிப் ரோஸ்ட்" ஆக இருந்தால் கதையில் பதற்றம் வேண்டும்: அது மூடி போடாமல் வாட்டுவது, அரை மணி தாண்டினால் காய்ந்துவிடும்.

கெடுவது கறி அல்ல, காய்தான். உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டி ஆரம்பத்திலேயே சாற்றில் மூழ்கப் போட்டால் 12 மணிக்குக் கூழ். பாதியாக மட்டும் வெட்டி, கறியின் மேல் அடுக்கி வைப்பார்கள், கேரட்டை முழுசாகப் போடுவார்கள். சிலர் காய் எதுவும் வைக்காமல் போய், வந்தபிறகு கிழங்கைத் தனியாக வேகவைத்து மசிப்பார்கள். நாயகி கோட்டைக் கழற்றாமலே கிழங்கு உரிக்கிறாள் என்று இருந்தால் அது இந்த வகை வீடு.

கிரேவி: கறியை வெளியே எடுத்து, மேலே மிதக்கும் கொழுப்பை வடித்து, 2 கப் சாற்றுக்கு 4 மேசைக்கரண்டி மைதாவை அரை கப் குளிர்ந்த தண்ணீரோடு மூடி போட்ட ஜாடியில் குலுக்கி ஊற்றுவது. குளிர்ந்த தண்ணீர் என்பது முக்கியம், சூடான சாற்றில் மாவை நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். இரண்டு மூன்று நிமிடமாவது கொதிக்கவிடாவிட்டால் பச்சை மாவு வாசனை அடிக்கும். "ஜாடியைக் குலுக்கினாள்" என்று வரும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

அடிக்குறிப்பில் டேட்டர் டாட்ஸை எடுத்துவிடுங்கள். ஓர்-ஐடா நிறுவனம் அதை உருவாக்கியதே 1953-இல்தான். கடைக்கு வந்தது அதற்கும் பிறகு. 1953 ஜனவரியில் யார் வீட்டிலும் இருக்க வாய்ப்பில்லை. அன்றைய ஹாட்டிஷ்: ஒரு பவுண்டு கொத்துக்கறியை வெங்காயம், செலரியோடு வறுத்து, அரைவேக்காட்டு மக்ரோனி, ஒரு டப்பா தக்காளி அல்லது காம்ப்பெல் காளான் கிரீம் சூப் (இந்த சூப் 1934-இலிருந்தே உண்டு) கலந்து, 350 டிகிரியில் முக்கால் மணி. மேலே நொறுக்கிய சிப்ஸோ ரொட்டித்தூளோ. மக்ரோனியை வேகவைக்காமல் போட்டால் சூப்பை எல்லாம் அது குடித்துவிட்டு, பாத்திரத்தில் கட்டியாக நிற்கும். ஹாட்டிஷை ஹாட்டிஷ் என்றே விடுங்கள், "சூடான பதார்த்தம்" என்றால் வடையும் அதில் சேரும்.

இதே மாதிரி, பச்சை பீன்ஸ் கேசரோல் 1955-இல் காம்ப்பெல் சமையலறையில் பிறந்தது. வெள்ளை கார்னிங்வேர் பாத்திரம் 1958. உங்கள் குறிப்புகளில் இவை நுழையவேண்டாம். பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரம் தாராளமாக வரலாம்.

---

பதில்: கொடிக்கம்பம்

துணி விஷயம் நான் சொல்றேன். மெஷின்னு சொன்னதும் நம்ம வீட்டு ஆட்டோமேட்டிக் ஞாபகம் வருது பாருங்க, அதுதான் குழப்பம். பெண்டிக்ஸ் கம்பெனியோட ஆட்டோமேட்டிக் 1937-லேயே வந்துடுச்சு, ஆனா 1953-ல ஒரு சின்ன ஊர் வீட்டோட நிலவறையில பெரும்பாலும் நிக்கிறது பிழியும் உருளை வச்ச மெஷின்தான். அயோவா மாநிலம் நியூட்டன்ல மேடேக் கம்பெனி அதை 1983 வரைக்கும் செஞ்சது.

அது தானா துணியை அலசாது, பிழியாது, தண்ணியை மாத்தாது. நடுவுல இருக்கிற கம்பம் துணியை இப்படியும் அப்படியும் திருப்பும், அவ்வளவுதான். பக்கத்துல ரெண்டு தொட்டி. முதல் தொட்டி அலச, ரெண்டாவது நீலம் போட. மெஷினுக்கு மேல ரெண்டு ரப்பர் உருளை, கரும்பு ஜூஸ் கடை மாதிரி. ஒரு ஈடு துணி 10 நிமிஷம் சுத்தினதும் உருளை வழியா முதல் தொட்டிக்கு, அங்கேர்ந்து உருளையைத் திருப்பி வச்சு ரெண்டாவது தொட்டிக்கு, அங்கேர்ந்து கூடைக்கு. வெள்ளைத் துணின்னா ஒவ்வொண்ணையும் மூணு தடவை கையால உள்ள விடணும். ஆறு பேர் இருக்கிற வீட்டுல ஏழெட்டு ஈடு. பொழுது போகாம என்ன செய்யும்?

வரிசை மாறாது. ஒரே சோப்புத் தண்ணியில முதல்ல வெள்ளை, அப்புறம் வெளிர் நிறம், அப்புறம் கெட்டி நிறம், கடைசியா வேலைக்குப் போட்ட ஓவரால்ஸ், அதுக்கும் அப்புறம் மிதியடி. தண்ணி கொதிக்கக் கொதிக்க ஆரம்பிச்சு கடைசியில வெதுவெதுன்னு அழுக்கா இருக்கும். மூலத்துல "தண்ணீர் சாம்பல் நிறமாகியிருந்தது"ன்னு வந்தா மணி எத்தனைன்னு சொல்லுற மாதிரி. சோப்பு ரின்சோ, ஆக்ஸிடால். 1946-ல வந்த டைடும் அப்போ நல்லா பரவிடுச்சு. காலர் அழுக்குக்கு ஃபெல்ஸ்-நாப்தா கட்டி.

உருளையில என்ன தப்பு நடக்கும்: பட்டன் தெறிக்கும், இல்ல உடையும். அதனால பட்டன் பக்கத்தை உள்ள மடிச்சு விடணும். ஜிப்பை மூடணும். போர்வை உருளையில சுத்திக்கிட்டா இழுக்கக்கூடாது, பின்னோட்டத்துக்குத் தள்ளணும். விரலோ, நீட்டமான முடியோ, சட்டைக் கையோ மாட்டினா மேல இருக்கிற பட்டையை ஓங்கித் தட்டினா உருளை ரெண்டும் விலகிடும். பிள்ளைங்களைப் பக்கத்துல விடாம விரட்டுற வசனம் இருந்தா சிடுசிடுப்பா மொழிபெயர்க்காதீங்க, அது நிஜ பயம்.

நீலத் தொட்டி நம்ம சொட்டு நீலம்தான், வெள்ளைத் துணிக்கு மட்டும். ஆனா ஒரு வித்தியாசம். அங்க விக்கிற மிஸஸ் ஸ்டூவர்ட்ஸ் புளூயிங், மினியாபொலிஸ் சரக்கு, 1883-லேர்ந்து, அது பிரஷ்யன் நீலம். இரும்புச் சேர்மம். சோப்பு சரியா அலசாத துணியை அதுல முக்கினா, சோப்புல இருக்கிற காரம் அந்த நீலத்தை உடைச்சு இரும்புத் துருவா மாத்திடும். துணி காயற வரைக்கும் தெரியாது, இஸ்திரி போடறப்போ பழுப்புப் புள்ளியா எழும்பும். நம்ம ராபின் நீலம் அல்ட்ராமரீன், அதுக்கு இந்தக் குணம் கிடையாது. அதனால நாயகி முதல் தொட்டித் தண்ணியை ரெண்டு தடவை மாத்தினா காரணம் சுத்தம் மட்டும் இல்ல.

நீலத்தை நேரா தொட்டியில சொட்டக்கூடாது. ஒரு குவார்ட் (கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) குளிர்ந்த தண்ணியில கால் டீஸ்பூன் கரைச்சு, அதைத் தொட்டியில ஊத்திக் கலக்கி, உள்ளங்கையில அள்ளிப் பார்த்தா வெளிர் வானம் மாதிரி இருக்கணும். துணியை உதறிப் போட்டு உடனே அசைக்கணும், அப்படியே போட்டு வச்சா வரி வரியா பிடிக்கும். பிடிச்ச நீலக் கறை குளோராக்ஸ் பிளீச் ஊத்தினா போகாது, அம்மோனியா கலந்த பச்சைத் தண்ணியில ஊறவைக்கணும்.

அப்புறம் கஞ்சி. ஆர்கோ சோளமாவு 2 மேசைக்கரண்டியை அரை கப் பச்சைத் தண்ணியில கரைச்சு, ஒரு குவார்ட் கொதிக்கிற தண்ணியில ஊத்திக் கிண்டறது. காலர், கஃப்புக்குக் கெட்டியா, ஏப்ரனுக்கு நீர்த்தாப்புல. இஸ்திரி ஒட்டாம இருக்க கொஞ்சம் மெழுகோ உப்போ சேர்ப்பாங்க.

ஜனவரின்னா கொடியில துணி உறைஞ்சுடும். அப்படியே காயும், பனிக்கட்டி நேரா ஆவியாப் போகும், மெதுவா. கடைசி அலசல்ல ஒரு கைப்பிடி உப்பு போட்டா துணி கொடியில ஒட்டிக்காது. உறைஞ்ச துணியை மடக்கக்கூடாது, நூல் ஒடிஞ்சுடும். பலகை மாதிரி கக்கத்துல இடுக்கி வீட்டுக்குள்ள கொண்டு வந்து நிலவறைக் கொடியில மீதியைக் காயவைப்பாங்க. போர்வை, தலையணை உறை வெளிக்கொடியில, உள்ளாடை நடுக்கொடியில, தெருவுல போறவன் கண்ணுல படாம.

ஃபிரிட்ஜ் மர்மம் இதுதான்: கஞ்சி போட்டுக் காய்ஞ்ச பருத்தி காகிதம் மாதிரி இருக்கும், அப்படியே தேய்ச்சா சுருக்கம் போகாது. அதனால கோக் பாட்டிலுக்கு ஓட்டை போட்ட தக்கை மாட்டி, தண்ணி தெளிச்சு, இறுக்கிச் சுருட்டி, ராத்திரி முழுக்க வைப்பாங்க. ஈரம் எல்லா இடத்துக்கும் ஒரே சீரா பரவும். செவ்வாய்க்கிழமை இஸ்திரி. அன்னைக்கே முடியலைன்னா சுருட்டின துணியில பூஞ்சை புள்ளி விழும், அது லேசுல போகாது. அதுக்குத்தான் பையில போட்டு ஃபிரிட்ஜ்.

---

தாழம்பூ:

பட்டன் வரியும் சாம்பல் தண்ணீர் வரியும் இப்போதுதான் விளங்குகின்றன. கொடிக்கம்பம், நன்றி. ஒரு சந்தேகம்: நாயகி ஞாயிறு ராத்திரியே துணியைத் தண்ணீரில் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாமா அவர்கள்? முட்டைக் காபியும் லிப்ஸ்டிக்கும் இன்னும் பாக்கி.

---

பதில்: வெள்ளைலினன்

ஊறவைப்பதை யாரும் வேலை என்று கணக்கில் எடுத்ததில்லை. கொடியில் தொங்கவிட்டால்தான் ஊர் பேசும். துவைக்கும் நாள் திங்களாக இருப்பதற்கும் ஞாயிறோடு ஒரு கணக்கு உண்டு: முந்தின நாள் ரோஸ்ட் மிச்சம் இருப்பதால் திங்கள் அன்று அடுப்படியில் நிற்கத் தேவையில்லை.

முட்டைக் காபி அச்சுப்பிழை அல்ல. ஸ்காண்டிநேவிய லுத்தரன் சபைகளின் அடையாளமே அதுதான். மினசோட்டா மாநிலக் கண்காட்சியில் சேலம் லுத்தரன் சபை நடத்தும் சாப்பாட்டுக் கூடத்தில் இன்றும் அதைத்தான் ஊற்றுகிறார்கள் (நம் சேலம் இல்லை). வீட்டளவு: முக்கால் கப் காபித்தூளில் ஒரு முட்டையை ஓட்டோடு நொறுக்கி, கால் கப் குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பிசைந்தால் கறுத்த சேறு மாதிரி வரும். 9 கப் கொதிக்கும் தண்ணீரில் அதைப் போட்டு 3 நிமிடம். முட்டை வெந்து, தூளையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு அடை போல மேலே மிதக்கும். அடுப்பை அணைத்து ஒரு கப் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அடை அடியில் உட்கார்ந்துவிடும். 10 நிமிடம் கழித்து வடிகட்டினால் தேநீர் நிறத்தில், கசப்பே இல்லாமல் தெளிவாக இருக்கும். கசப்பான பொருள்களை முட்டையின் புரதம் பிடித்துக்கொள்கிறது. ஓட்டின் சுண்ணாம்பு புளிப்பைக் குறைக்கிறது. முட்டை வாசனை வராது.

நூறு பேருக்கு என்றால் 2 பவுண்டு தூள்; ஒரு பவுண்டுக்கு ஒன்றிரண்டு முட்டை, இரண்டரை காலன் தண்ணீர், சுமார் 50 கோப்பை தேறும். புள்ளி போட்ட எனாமல் அண்டாவில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பமாட்டார்கள். முட்டைக் கலவை விழுந்ததும் நுரை சட்டென்று பொங்கி அடுப்பை நனைத்துவிடும்.

இப்போது லிப்ஸ்டிக். உங்கள் வரைவில் "திருவிருந்து மேசை விரிப்பு" என்று வைத்திருந்தால் தவறு. கறை படுவது கிண்ணத்தைத் துடைக்கும் சிறு லினன் துண்டில். பொதுக் கிண்ணத்தில் ஒவ்வொருவரும் குடித்தபின் போதகர் அந்தத் துண்டால் விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். அந்த ஆண்டுகளில் பெண்கள் எல்லாரும் தொப்பி, கையுறை, லிப்ஸ்டிக் என்று வருவார்கள். எனவே ஒரே துண்டில் திராட்சை ரசக் கறையும் லிப்ஸ்டிக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர், பெருமூச்சு அதற்குத்தான். ரசத்துக்கு உடனே குளிர்ந்த தண்ணீர். காய்ந்துவிட்டால் துணியைக் கிண்ணத்தின் மேல் இழுத்துக் கட்டி ஓர் அடி உயரத்திலிருந்து கொதிநீர் ஊற்றுவது. கட்டிச் சோப்பை முதலில் தேய்த்தால் ரசக் கறை நிலைத்துவிடும். லிப்ஸ்டிக் மெழுகும் எண்ணெயும் சாயமும் சேர்ந்தது. கொதிநீர் பட்டால் மெழுகு உருகிச் சாயம் பரவும். அதற்குக் கிளிசரினோ பன்றிக்கொழுப்போ தடவி, இளகியபின் ஒற்றி எடுத்து, அதற்குப் பிறகுதான் சோப்பு. ஆகவே முதலில் குளிர்ந்த தண்ணீரில் ரசத்தை எடுத்து, பின் லிப்ஸ்டிக்கைக் கவனித்து, கடைசியில்தான் சூட்டுக்குப் போகவேண்டும்.

இந்தத் துண்டுக்குக் கஞ்சி போடக்கூடாது, போட்டால் ஈரத்தை உறிஞ்சாது. பெரிய மேசை விரிப்பை ஈரமாகவே முதலில் உள்பக்கமும் பிறகு வெளிப்பக்கமும் தேய்த்து, மடிக்காமல் அட்டைக் குழாயில் சுற்றி வைப்பார்கள். மடிப்புக் கோடு விழுந்தால் அடுத்த ஞாயிறு முதல் வரிசைக்கே தெரியும். மெழுகுவர்த்திச் சொட்டு இருந்தால் மழுங்கிய கத்தியால் சுரண்டிவிட்டு, மேலும் கீழும் மை ஒற்றும் தாளை வைத்து இஸ்திரியால் உருக்கி எடுப்பது.

சொற்களுக்கு வருவோம். அசனம் வேண்டாம். நம் பக்கம் அசனம் என்றால் சபையே ஒரே அடுப்பில் சமைத்து எல்லாரையும் பந்தியில் உட்காரவைப்பது. பாட்லக்கில் வீட்டுக்கு வீடு ஒரு பாத்திரம் வரும். "ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரும் விருந்து" என்று முதல் தடவை விளக்கிவிட்டு, பிறகு பாட்லக் என்றே போகலாம். பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டும் காகித டேப் கதையில் வந்தால் மாற்றவேண்டாம், அந்த டேப்பே மினசோட்டாவின் 3எம் நிறுவனம் 1925-இல் செய்த பொருள்.

பைபிள் மேற்கோள் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். கிங் ஜேம்ஸ் பதிப்புதான் எல்லார் கையிலும். திருத்திய பதிப்பு முழுமையாக வெளியானது 1952 செப்டம்பர் இறுதியில், அதாவது கதைக்கு நாலு மாதம் முன்னால். யாராவது "புது பைபிள்" என்று முணுமுணுத்தால் அதைத்தான். சிவப்புப் பாட்டுப் புத்தகம் என்று எங்கும் எழுதிவிடாதீர்கள், அது 1958. "மிஷன் காணிக்கை" என்று வந்ததும் தமிழ்நாட்டை நினைத்து ஆம்பூர், நாகர்கோவில் என்று அடிக்குறிப்பு போடத் தோன்றும். அங்கே வேலை செய்தது மிசூரி சினட் என்ற வேறொரு லுத்தரன் சபை. நார்வே வழிச் சபையின் காசு மடகாஸ்கருக்கும், முன்பு சீனாவுக்கும், இந்தியாவில் என்றால் சந்தால் மக்களிடையே நடந்த மிஷனுக்கும் போனது.

பெண்கள் சங்கத் தலைவி என்றாலும் சபை நிர்வாகக் குழுவில் அவளை உட்காரவைத்துவிடாதீர்கள். அது ஆண்கள் இடம். அவளுடைய ஆட்சி நிலவறைச் சமையலறையில்.

---

பதில்: வெந்தயக்கீரை

ஒரு சேர்க்கை. அடக்கத்துக்குப் பின் லஞ்ச் இருந்தால் வெண்ணெய்க் கணக்கு வரும். ஒரு பவுண்டில் 96 டீஸ்பூன். ஆளுக்கு இரண்டு பன், பன்னுக்கு இரண்டு பாதி, பாதிக்கு ஒரு டீஸ்பூன் என்றால் நூறு பேருக்கு 4 பவுண்டுக்குச் சற்று மேல். ஓரம் வரை தடவவேண்டும், விட்ட இடத்தில் ஹாமின் ஈரம் இறங்கிப் பன் சொதசொதவென்று ஆகும். "ஓரத்தை விட்டுவிட்டாள்" என்று ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி சொன்னால் அது பெரிய வசவு.

---

தாழம்பூ:

அந்த வரி அப்படியே இருக்கிறது! "கவனக்குறைவானவள்" என்று மழுப்பியிருந்தேன். மாற்றிவிடுகிறேன்.